ஐந்து தோட்டா ரிவால்வரா, மெல்லிய 9 மி.மீ. பிஸ்டலா?

துப்பாக்கிக்குப் புதியவர் என்றால் சின்ன ரிவால்வர் வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். தலைகீழான யோசனை அது. பையில் போட்டுக்கொள்ள அதைவிட வசதியானது இல்லை. ஆனால் குறி பார்த்துச் சுட அதைப்போல முரண்டு பிடிப்பதும் இல்லை.

ஒரு பக்கம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642 ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். அலுமினியச் சட்டகம், 2 அங்குலத்துக்குச் சற்றே குறைந்த குழல், .38 ஸ்பெஷல் ரகத்தில் 5 தோட்டா, காலி எடை சுமார் 410 கிராம். மறுபக்கம் 2018-இல் வந்த சிக் சாவர் பி365 பிஸ்டல்: 10 தோட்டா அடங்கும் மேகசின் (தோட்டாப் பெட்டி), சுடும் அறையில் மேலும் ஒன்று, சுமார் 500 கிராம். எடையில் ரிவால்வருக்கு வெற்றி, தடிமனில் தோல்வி. தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் சிலிண்டர் 33 மி.மீ. புடைத்து நிற்கும், பிஸ்டல் 27 மி.மீ. அளவுக்குள் அடங்கும். இடுப்பு வாருக்குள் செருக பிஸ்டலே சுகம். பேன்ட் பையில் அப்படியல்ல: ரிவால்வரின் உருண்ட வடிவம் துணிக்கு மேல் துப்பாக்கியாகத் தெரியாது, கையை உள்ளே விட்டதும் பிடி கைக்குக் கிடைக்கும், சுத்தியல் உள்ளே மறைந்திருப்பதால் எடுக்கும்போது துணியில் மாட்டாது.

சிக்கல் ரிவால்வரின் டிரிகரில். அதை இழுக்க 5 கிலோவுக்கு மேல் விசை வேண்டும். துப்பாக்கியின் எடையைப்போல 12 மடங்குக்கும் மேல்! இழுவையும் நீளம். விரல் இழுக்கும்போதே முனை ஒரு பக்கம் சாய்ந்துவிடும். குழல் குட்டை என்பதால் முன், பின் குறிகளுக்கு நடுவே இடைவெளியும் குறைவு. சின்னச் சாய்வுகூடத் தொலைவில் பெரிய பிசகாகும். பிஸ்டலின் டிரிகருக்கு இதில் ஏறக்குறைய பாதி விசை போதும். போலித் தோட்டா போட்டு நாள்தோறும் வெற்று இழுப்பு பழக முடியாதவருக்கு ரிவால்வர் வேண்டாம்.

‘ரிவால்வர் சிக்காது’ என்பதும் பாதி உண்மைதான். தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். முனை உடலோடு அழுந்தியிருந்தாலும் சுடும்; பிஸ்டலிலோ ஸ்லைடு (முன்பின் நகரும் மேல்பகுதி) சற்றுப் பின்னே தள்ளப்பட்டாலே சுடாது. கை தளர்ந்தால் பிஸ்டலில் காலிக் கூடு வெளியேறாமல் மாட்டும்; ரிவால்வருக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் ரிவால்வர் சிக்கினால் சில நொடிகளில் சரிசெய்ய முடியாது, கருவி வேண்டியிருக்கும். காலிக் கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் நட்சத்திரத்தின் அடியில் எரியாத மருந்துத் துகள் சேர்ந்தால் சிலிண்டர் மூடாது, அல்லது சுழல இறுகும். எஜெக்டர் கம்பியின் திருகு தளர்ந்தால் சிலிண்டர் திறக்காது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பிறகும் நட்சத்திரத்தின் அடியைத் தூரிகையால் துடைக்க வேண்டும். அங்கே எண்ணெய் விடக்கூடாது, துகள் ஒட்டிக்கொள்ளும்.

எடை குறையக் குறைய உதை கூடும். 400 கிராம் துப்பாக்கியில், .38 ஸ்பெஷலைவிட வலுவான .357 மேக்னம் தோட்டாவைச் சுடுவது வீம்பு. உதையின் குலுக்கலில், மீதித் தோட்டாக்களின் ஈயமுனை கூட்டைவிட்டு முன்னே நகர்ந்து சிலிண்டரையே பூட்டிவிடலாம். சோதிப்பது எளிது: ஐந்து போட்டு நான்கு சுட்டு, ஐந்தாவதின் நீளத்தைக் காலிப்பரால் அளந்து பாருங்கள். நீண்டிருந்தால் வேறு வகைக்கு மாறுங்கள்.

.38 ஸ்பெஷலின் அழுத்த வரம்பு 17,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு); 9 மி.மீ.க்கு 35,000. குட்டைக் குழலில் வேகம் குறைவதால் பட்டதும் விரிய வேண்டிய .38 குழிமுனைத் தோட்டாக்கள் பல, துணி அடைத்துக்கொண்டு விரியாமலே போகும். அதனால் விவரம் தெரிந்தவர்கள் பலர் வாட்கட்டர் எனப்படும் தட்டைமுனை 148 கிரெயின் (குண்டின் எடை அலகு) தோட்டாவைப் போடுகிறார்கள். உதை மென்மை. ஒரே குறை, தட்டைமுனை அவசரத்தில் சிலிண்டர் துளைக்குள் வழுக்கி நுழையாது. ஆகவே சிலிண்டரில் வாட்கட்டர், மறுபடி நிரப்பத் தோட்டா செருகி வைக்கும் மாற்றுப் பட்டையில் உருண்டைமுனை.

மறுநிரப்பலில் பிஸ்டலுக்குப் போட்டியே இல்லை. ரிவால்வரின் எஜெக்டர் கம்பி குட்டை, கூடுகளை முழுதாக வெளியே தள்ளாது. குழலை வானம் பார்க்க நிறுத்தி உள்ளங்கையால் ஓங்கித் தட்ட வேண்டும். மெதுவாக அழுத்தினால் ஒரு கூடு நட்சத்திரத்துக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இடுப்பில் அணிய இடமிருந்தால் பிஸ்டலை எடுங்கள். ஸ்லைடை இழுக்க மணிக்கட்டில் வலுவில்லாதவருக்கும், பையைத் தவிர வேறிடம் இல்லாதவருக்கும் ரிவால்வர். ஆனால் டிரிகரை முழுதாக மூடும் உறை கட்டாயம். அந்தப் பையில் சாவி, சில்லறை எதுவும் கூடாது.