தனி வீடு என்று விற்றார்கள், பத்திரத்தில் இருப்பது பிரிபடாத பாகம்

சென்னைப் புறநகரில் தனி வீடு வாங்க முன்பணம் கொடுக்கும் நிலையில் இருப்பவர்கள், கிரயப் பத்திரத்தின் சொத்து விவரப் பக்கத்தைத் தங்களுடைய வழக்கறிஞரிடம் காட்டாமல் பதிவுக்குச் செல்ல வேண்டாம். அசோக் நகரில் ஓர் அடுக்குமாடி வீடு, வண்டலூருக்கும் கூடுவாஞ்சேரிக்கும் இடையே ஒரு தனி வீடு என இரண்டும் ஏறக்குறைய ஒரே விலையில் எங்கள் முன் இருந்தன. நகரத்து வீட்டிலிருந்து மெட்ரோவும் மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில் இருந்தும் நாங்கள் புறநகரைத் தேர்ந்தெடுத்ததற்கு நிலம் ஒன்றுதான் காரணம். அடுக்குமாடியில் பிரிபடாத பாகமாக, அதாவது எல்லை பிரிக்காமல் எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவாக இருக்கும் நிலத்தில், சிறு பங்குதான் கிடைக்கும், தனி வீடென்றால் மண் நம்முடையது, நாளை மாடி எழுப்பலாம் என்பதில் என் தந்தை உறுதியாக இருந்தார். அதைத் தெரிந்துகொண்ட விற்பனையாளர் ஒவ்வொரு சந்திப்பிலும், "இது பிளாட் இல்லை சார், உங்க பேர்ல தனிப் பட்டா வரும்" என்றே சொன்னார்.

அந்த மனை இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி. அதில் ஒன்றையொன்று ஒட்டி நான்கு டூப்ளெக்ஸ் வீடுகள் கட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி கேட், தனி மின் இணைப்பு, நடுவே மதில் என்று அமைத்திருந்தார்கள். விற்பனை ஒப்பந்தத்தில் "1,200 சதுர அடி மனையும் அதில் அமைந்த வீடும்" என்று எழுதியிருந்தார்கள். ஆனால் பத்திர வரைவை அனுப்பியபோது சொத்து விவரப் பக்கத்தைக் காலியாக விட்டு, அதைப் பத்திர எழுத்தர் நிரப்புவார் என்றார்கள். பதிவு நாளன்று சார்பதிவாளர் அலுவலகத்தில், வங்கி அலுவலர் வரைவோலையுடன் காத்திருந்த நேரத்தில்தான் அந்தப் பக்கம் வந்தது. கேட்டதற்கு, எல்லாப் பத்திரமும் இப்படித்தான் இருக்கும் என்று அவர்களுடைய வழக்கறிஞரே உறுதி கூறினார்.

பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்தபோது நான்கு குடும்பங்களின் பெயர்களும் சேர்ந்த கூட்டுப் பட்டாதான் வந்தது. காரணத்தை நில அளவர் எங்கள் பத்திரத்திலேயே காட்டினார். 'அ' அட்டவணையில் 4,800 சதுர அடி முழு மனையும், 'ஆ' அட்டவணையில் அதில் "பிரிபடாத 1,200 சதுர அடி பாகமும்" எழுதப்பட்டுள்ளன. நான்கெல்லை முழு மனைக்கு மட்டுமே தரப்பட்டிருக்கிறது: வடக்கே 30 அடிச் சாலை, கிழக்கே அடுத்த மனை. எங்கள் வீட்டுக்குக் கிழக்கே உண்மையில் இருப்பது பக்கத்து வீட்டுக்காரரின் சுவர், அந்தச் சுவரைப் பற்றி பத்திரத்தில் ஒரு சொல்கூட இல்லை. எல்லை சொல்லப்படாத நிலத்தை உட்பிரிவு செய்ய இயலாது என்று நில அளவர் கூறிவிட்டார். திட்ட அனுமதியும் நான்கு குடியிருப்புகள் கொண்ட ஒரே கட்டடம் என்றுதான் பெறப்பட்டிருக்கிறது. ஆகவே மாடி எழுப்பவோ, இடித்துக் கட்டவோ மற்ற மூவரின் ஒப்புதல் வேண்டும்.

மனையின் அளவும் தற்செயலானதாக எனக்குத் தோன்றவில்லை. ரியல் எஸ்டேட் சட்டம், 2016இன்படி, நிலம் 500 சதுர மீட்டருக்கு மிகாமலோ, குடியிருப்புகள் எட்டுக்கு மிகாமலோ இருந்தால் ரெரா எனப்படும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. 4,800 சதுர அடி என்பது சுமார் 446 சதுர மீட்டர். அதே தெருவில் அதே அளவு மனைகளை, வெவ்வேறு பெயர்களில், ஒன்றன்பின் ஒன்றாக அவர்கள் கட்டி விற்கிறார்கள். ஒரு திட்டத்தின் எல்லாக் கட்டங்களையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்று சட்டம் சொல்வதால், இதை ரெராவில் புகாராக வைக்க முடியுமா என்று வழக்கறிஞர் பார்த்துவருகிறார். வங்கி கடன் கொடுத்துவிட்டதே என்று யாரும் நிம்மதி அடைய வேண்டாம். பிரிபடாத பாகத்துக்கு வங்கிகள் அன்றாடம் கடன் தருகின்றன, தன் கடனுக்கு ஈடு இருக்கிறதா என்பதுதான் வங்கியின் சட்டக் கருத்துரையில் பார்க்கப்படுகிறது.

பிரிபடாத பாகம் என்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. அசோக் நகர் வீட்டிலும் அதுதான், ஆனால் அங்கே அதைச் சொல்லித்தான் விற்றார்கள். அங்கே சங்கம் இருக்கிறது, பராமரிப்புக் கட்டணம் வசூலாகிறது, லிஃப்ட் பழுதானால் யாரைக் கேட்பது என்று தெரியும். இங்கே கழிவுநீர்த் தொட்டி நான்கு வீட்டுக்கும் பொது என்பதே அது நிரம்பியபோதுதான் தெரிந்தது, லாரிக்கு யார் பணம் கொடுப்பது என்பது இன்றுவரை தகராறு. தனி வீட்டின் விலையைக் கொடுத்து, அடுக்குமாடி வீட்டின் உரிமையை, அதன் வசதிகள் எதுவும் இல்லாமல் பெற்றிருக்கிறோம்.

பிழைத்திருத்தல் பத்திரம் எழுதித் தர நிறுவனம் மறுக்கிறது. நான்கு குடும்பங்களும் பாகப்பிரிவினைப் பத்திரம் செய்துகொள்ளலாம் என்றால், ஒரே குடும்பத்தினர் அல்லாதவர்களுக்குப் பிரியும் பாகத்தின் மதிப்பில் 4 சதவீதம் முத்திரைத் தீர்வை ஆகும். அதோடு மூல ஆவணங்களை வைத்திருக்கும் வங்கிகளின் சம்மதமும் வேண்டும். மூன்று குடும்பங்கள் இசைந்துவிட்டன, நான்காமவர் வெளிநாட்டில் இருப்பதால் பொது அதிகார ஆவணத்துக்காகக் காத்திருக்கிறோம்.

இப்போது எங்கள் தெருவிலேயே அடுத்த மனையில் தூண்கள் எழும்பிவிட்டன, "கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு அருகில் தனி வீடுகள்" என்று பலகையும் வைத்துவிட்டார்கள். அங்கே பார்க்க வருபவர்கள், இதே நிறுவனம் முன்பு விற்ற ஏதாவது ஒரு வீட்டின் பட்டாவைக் கேளுங்கள். அதில் ஒரே உரிமையாளரின் பெயரும் தனி உட்பிரிவு எண்ணும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு மட்டுமான நான்கெல்லையை எழுதிய பத்திர வரைவு கைக்கு வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.