வால்வ் ஸ்பிரிங் கொம்பிரசர் வாங்கப் போறாக்கள் இத வாசிச்சிட்டுப் போங்க (திருகோணமலை)

என்ஜின் வால்வ கழட்டுறதுக்கு அதிட ஸ்பிரிங்க அமத்திப் பிடிக்கிற டூல்தான் இது. கடைப் பேர் போடமாட்டன், கேட்டு இன்பொக்ஸ் வராதீங்க. டவுனுக்குள்ள டூல்ஸ் விக்கிற கடை எண்டு மட்டும் வைச்சுக்கொள்ளுங்க. நான் நிலாவெளியில வீட்டோட சின்ன கராஜ் ஒண்டு வைச்சிருக்கிறன், தண்ணி மிசின், புல்லு வெட்டுற மிசின், ஜெனரேட்டர், இப்பிடி சின்னச் சின்ன என்ஜின்தான் வேலை.

போன மாசம் பக்கத்துக் காணி அண்ணன் ஒருத்தர் மண்ணெண்ணெய் மிசின் ஒண்ட கொண்டு வந்தார். கயிறு இழுத்தா பஞ்சு மாதிரி வருது, கொம்பிரசனே (உள்ள காத்து அமுங்கிற இறுக்கம்) இல்ல. ஹெட்ட கழட்டிப் பாத்தா எக்ஸோஸ்ட் வால்வ் முழுக்க கரி. பெற்றோல்ல ஸ்டார்ட் பண்ணி சூடு ஏற முந்தியே மண்ணெண்ணெய்க்கு திருப்பினா இப்பிடித்தான் வரும், எத்தின தரம் சொல்லியாச்சு. சரி, வால்வ கழட்டி பேஸ்ட் போட்டு அரைச்சா முடிஞ்சுது, அவருக்கு வெங்காயத்துக்கு தண்ணி விடோணும் எண்டு அவசரம், என்ட பழைய கொம்பிரசர்ட ஸ்குரூ தேஞ்சு போச்சு, அதால புதுசா ஒண்டு வாங்குவம் எண்டு டவுனுக்குப் போனன்.

கடைக்காரர் பெட்டிய எடுத்து வைச்சார். பெட்டிக்கு மேல மூண்டு விதமான டூல் படம், உள்ள பிளாஸ்டிக்கில சீல் பண்ணிக் கிடக்கு. நான் தெளிவாச் சொன்னன், "அண்ணன், எனக்கு சைட் வால்வ் என்ஜினுக்கு, ஸ்பிரிங் புளொக்குக்குள்ள இருக்கிற மாதிரி" எண்டு. "தம்பி, இது யுனிவர்சல், லொறியில இருந்து புல்லு மிசின் வரைக்கும் எல்லாத்துக்கும் போகும்" எண்டார். சீல பிரிச்சுக் காட்டச் சொன்னா பிரிச்சா வித்த மாதிரியாம். 6,800 ரூபா குடுத்து வாங்கினன். பில் கேட்க ஒரு துண்டுப் பேப்பரில "டூல் 1" எண்டு எழுதித் தந்தார், கடைப் பேரும் இல்ல, சீலும் இல்ல. அதிலயே முழிச்சிருக்கோணும்.

வீட்ட வந்து பிரிச்சா உள்ள ஒரே ஒரு டூல், ஜி கிளாம்ப் மாதிரி வளைஞ்சது, நாலு கப் சாமான். அது ஓஎச்வி (வால்வ் மேல ஹெட்டில இருக்கிற என்ஜின்) ஹெட்டுக்கு, அதுவும் கழட்டி மேசையில வைச்ச ஹெட்டுக்குத்தான் சரி. ஒரு முனை வால்வ் முகத்தில, மற்ற முனை ரிட்டெய்னர்ல (ஸ்பிரிங்க பிடிச்சு வைச்சிருக்கிற தட்டு) பிடிச்சு இறுக்கிறது. சைட் வால்வில ரிட்டெய்னர் கீழ பாத்தபடி இருக்கும், அதுக்குக் கீழயே டப்பெட் (வால்வ மேல தள்ளுற துண்டு) நிக்கும், நடுவுல விரல் கூட ஒழுங்காப் போகாது, அவ்வளவு மொத்தக் கப் எப்பிடிப் போறது? அதுக்கு வேண்டியது ரெண்டு மெல்லிசுத் தகடு, முள்ளுக்கரண்டி மாதிரி வாய் பிளந்தது, ஒண்டு ஸ்பிரிங்குக்கு மேல ஒண்டு கீழ போய் நடு ஸ்குரூவால நெருங்கிறது.

அடுத்த நாள் திருப்பிக் கொண்டு போனன். மனுசன் வாங்கிப் பாத்திட்டு, "கப்ப கிரைண்டரில கொஞ்சம் தேயுங்க தம்பி, போகும், எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை" எண்டு சொல்லி அனுப்பிவிட்டார். நானும் விசரன் மாதிரி வந்து தேய்ச்சன். மெல்லிசாகி உள்ள போயிட்டுது. இறுக்கினன். ஸ்பிரிங் பாதி அமுங்கி லொக் (ரிட்டெய்னர வால்வோட பிடிச்சு வைக்கிற ரெண்டு சின்னத் துண்டு) லூசாகிற நேரம் டக் எண்டு கப் உடைஞ்சுது. உடைஞ்ச இடத்தப் பாத்தா சாம்பல் கலர்ல சீனி போட்ட மாதிரி பொருபொரு எண்டு கிடக்கு, வெறும் வார்ப்பு இரும்பு. லொக் ரெண்டு பாதியில ஒண்டு என்ட சட்டையில பட்டு நிலத்தில விழுந்துது, மற்றது டப்பெட் அறைக்குள்ள இருக்கிற ஒயில் ஓட்டையால கிராங்க்கேசுக்குள்ள (என்ஜின்ட அடிப்பெட்டி) போயிட்டுது.

அந்த ஓட்டைக்கு சீலைத் துணி அடைச்சிட்டு வேலை செய்யோணும், அது என்ட பிழை, ஒத்துக்கொள்ளுறன். ஆனா அதுக்குப் பிறகு ஒயில வடிச்சு காந்தம் விட்டுத் துழாவி, வராம, கடைசியில கிராங்க்கேஸே கழட்டி, புது கேஸ்கட் வெட்டி, ஒரு நாள் முழுக்க போச்சு.

திரும்பவும் கடைக்குப் போனா இப்ப கதை மாறிட்டுது. "கிரைண்டர் போட்ட சாமான நான் எப்பிடி எடுக்கிறது?" எண்டு கேக்கிறார். நீங்கதானே தேய்க்கச் சொன்னீங்க எண்டா, நான் அப்பிடிச் சொல்லேல்ல எண்டார். பக்கத்தில நிண்ட வேலைக்காரப் பொடியன் நிலத்தப் பாத்தபடி நிண்டான், அவனுக்கும் தெரியும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 எண்ட நம்பருக்கு கோல் அடிக்கலாம் எண்டு ஆக்கள் சொன்னவை, "டூல் 1" எண்ட துண்டோட நான் எந்தக் கடையில வாங்கினன் எண்டு என்னத்த நிரூபிக்கிறது. கேட்டா ஒழுங்கான பில் குடுக்கத்தான் வேணும், நிண்டு வாங்காதது என்ட விசர்.

இன்னொண்டு, கனபேருக்கு இந்த டூலே தேவையில்ல. ஹொண்டா ஜிஎக்ஸ்160 மாதிரி மிசினில லொக் ரெண்டு துண்டா வராது, ரிட்டெய்னர்லயே ஒரு பக்கம் தள்ளின ஓட்டை இருக்கும், வால்வுக்கு அடியில மரக்கட்டை ஒண்ட வைச்சு ரெண்டு பெருவிரலால அமத்தி பக்கத்துக்குத் தள்ளினா கழண்டு வந்திடும். எக்ஸோஸ்ட் வால்வ் நுனியில மட்டும் சின்னத் தொப்பி ஒண்டு இருக்கும், அத மறக்காம திருப்பிப் போடுங்க, பிறகு குளிர்ந்த என்ஜினில வால்வ் நுனியில விடுற இடைவெளிய உங்கட மிசின் புத்தகத்தில இருக்கிற அளவுக்கு வையுங்க. இதுக்கும் "யுனிவர்சல்" எண்டு 6,800 ரூபா வாங்கிப்போடுவாங்கள்.

வாங்கத்தான் வேணும் எண்டா உங்கட மிசின்ட பழைய ஸ்பிரிங்கையும் ரிட்டெய்னரையும் ஒரு ஷொப்பிங் பையில போட்டுக் கொண்டு போங்க. சீல பிரிக்க விடாட்டி வெளிய வாங்க. கப் ரிட்டெய்னர் விளிம்பில இருக்கோணும், லொக்குக்கு மேல ஏறப்படாது, லொக் எடுக்க பக்கத்தில இடைவெளி வேணும். ஸ்குரூவ முழுசாச் சுத்திப் பாருங்க, ஆடினா வேண்டாம்.

கடைசியா கிண்ணியாவில தெரிஞ்ச நானா ஒருத்தர்ட வாப்பா காலத்து டூல் ஒண்ட இரவல் வாங்கி, லொக்க கிரீஸ் பூசி ஒட்டி வைச்சு, பத்து நிமிசத்தில வேலைய முடிச்சன். அண்ணனிட்ட கூலி வாங்கேல்ல. மிசின் கிடந்த மூண்டு நாளும் அவர் வேற ஆள்ட மிசினாலதான் வெங்காயத்துக்கு தண்ணி விட்டவர், அந்த மண்ணெண்ணெய்க் காசும் நான்தான் குடுத்தன்.