மூன்றடிக் கடல் தொட்டிக்கு இரண்டு டுன்ஸே 6055: ஒன்றரை வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

தொட்டித் தண்ணீரை ஓட வைக்கும் பம்பான வேவ்மேக்கரை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "மணிக்கு எத்தனை லிட்டர்?" என்றுதான். நானும் அதையேதான் கேட்டேன். ஒன்றரை வருடமாக என் தொட்டியில் இரண்டு டுன்ஸே நானோஸ்ட்ரீம் 6055 ஓடுகின்றன, அதற்கு முன்னால் வேறு ஒரு பம்பை ஓட்டி ஒரு நல்ல டார்ச் பவளத்தைப் பறிகொடுத்திருக்கிறேன். இரண்டு அனுபவத்தையும் வைத்துச் சொல்கிறேன், லிட்டர் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தண்ணீர் எவ்வளவு அகலமாக வெளியே வருகிறது, எங்கே போய் முட்டித் திரும்புகிறது, அதை முதலில் பாருங்கள்.

தொட்டி ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. 90 சென்டிமீட்டர் நீளம், 45 அகலம், 45 உயரம். கணக்குப்படி 182 லிட்டர், பாறையும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் நிற்கும். கீழே தண்ணீர் வழிந்து இறங்கும் துணைத் தொட்டியான சம்ப், பக்கத்தில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர். பவளங்கள் என்று பார்த்தால், மேல் பாறையில் மோண்டிபோராவும் பச்சை அக்ரோபோராவும், நடுவில் டார்ச், ஹாமர், கீழே மணலை ஒட்டி ஸோவாந்தஸும் காளான் பவளங்களும். அதாவது பலத்த ஓட்டம் கேட்கிறவையும் மெல்லிய ஓட்டம் கேட்கிறவையும் ஒரே வீட்டில். சிங்கப்பூரில் ரீஃப் தொட்டி வைத்திருப்பவர்களில் நிறையப் பேருக்கு இதே நிலைமைதான், ஏனென்றால் இடம் ஒன்றுதான், ஆசை பல.

பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கடையில் போய் தொட்டி அளவைச் சொன்னதும், கடைக்கார அங்கிள் பெட்டி ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார். 8000 லிட்டர், பெரியதாக இருந்தால் நல்லது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். பெயர் சொல்ல விரும்பவில்லை, பம்பின் பெயரையும் கடையின் பெயரையும். அந்தப் பம்பின் வாய் குறுகலானது. தோட்டத்துக் குழாயின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினால் தண்ணீர் எப்படிப் பாயும், அப்படி. எதிரே முப்பது சென்டிமீட்டரில் டார்ச். மூன்று வாரத்தில் அதன் சதை ஒரு பக்கம் எலும்புக்கூட்டிலிருந்து விலக ஆரம்பித்தது, பிறகு பழுப்பு நிறத்தில் கூழ் போல ஏதோ படர்ந்தது, இரண்டே நாளில் முடிந்துவிட்டது. இதில் வேதனை என்னவென்றால், அதே நேரத்தில் பாறைக்குப் பின்னால் தண்ணீர் அசையவே இல்லை. அங்கே கசடு சேர்ந்து சிவப்புப் படலம் பிடித்திருந்தது. ஒரு பக்கம் புயல், மறுபக்கம் குட்டை. பெட்டியில் போட்டிருந்த 8000 உண்மையாகவே இருந்திருக்கலாம், ஆனால் அந்த 8000 முழுவதும் ஒரே கோட்டில் போனால் யாருக்கு என்ன பயன்?

பவளம் நகராது. மூச்சுக்கும் சாப்பாட்டுக்கும் கழிவுக்கும் அது தண்ணீரை நம்பித்தான் இருக்கிறது. அதன் தோலை ஒட்டி அசையாத தண்ணீர் மெல்லிய படலமாக எப்போதும் நிற்கும், ஓட்டம் நன்றாக இருந்தால் அந்தப் படலம் மெலியும், உள்ளே போக வேண்டியது போகும், வெளியே வர வேண்டியது வரும். பகலில் அதற்குள் வாழும் பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டும். அது வெளியேறாவிட்டால் அதுவும் பவளத்துக்குச் சுமைதான். நம் தென் தீவுகளைச் சுற்றியே ஏறக்குறைய 250 வகைக் கடினப் பவளங்கள் வாழ்கின்றன. புலாவ் ஹந்துவில் ஒருமுறை நீருக்குள் இறங்கியபோது கவனித்தேன், கலங்கிய தண்ணீரில் எல்லாமே ஒரு பக்கம் சாய்ந்து, நின்று, மறுபக்கம் சாய்ந்துகொண்டிருந்தன. எந்தப் பவளத்தின் முகத்திலும் யாரும் இடைவிடாமல் குழாய் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. நம் தொட்டியில் வர வேண்டியது அந்த அசைவு.

சரி, 6055-க்கு வருகிறேன். ஜெர்மன் தயாரிப்பு, மணிக்கு 1000 முதல் 5500 லிட்டர் வரை, அதிகபட்சம் 18 வாட், டிசி மோட்டார். உடல் ஆரஞ்சுப் பழ அளவுக்கு உருண்டை, அதைப் பிடித்திருக்கும் வளையத்துக்குள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் இடம் தேடி அலையும் அந்த முதல் மாதத்தில் இதுதான் எனக்குக் கை கொடுத்தது. காந்தப் பிடி 12 மில்லிமீட்டர் கண்ணாடி வரை தாங்கும், என்னுடையது 10. பிடிக்குள் அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் அமைப்பு இருக்கிறது. பக்கத்து அறையில் அம்மா தூங்குகிறார், பழைய பம்ப் ஓடியபோது இரவில் அலமாரிக் கதவே முனகும், இப்போது சில்லரின் சத்தம் மட்டும்தான்.

முக்கியமாக, தண்ணீர் அகலமாக வருகிறது. விசிறிபோல் பரவி வந்து, இரண்டு கை தூரத்திலேயே வேகம் இளகிவிடுகிறது. கையைத் தண்ணீருக்குள் நீட்டிப் பார்த்தால் குத்துவதில்லை, தள்ளுகிறது.

விலை அதிகம், அதை மறைக்க வேண்டியதில்லை. நான் வாங்கியபோது கண்ட்ரோலரைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது, அது இல்லாமல் அலை, இடைவெளி, உணவு நேர நிறுத்தம் எதுவும் கிடையாது. ஒன்றைப் புதிதாகவும் மற்றொன்றைக் கேரௌசல் விற்பனைத் தளத்தில் ஒருவர் தொட்டியைக் கலைத்தபோதும் வாங்கினேன். பழையது வாங்குவதில் தவறில்லை, ஆனால் கையில் வாங்கியதும் உள்ளே சுழலும் விசிறியான இம்பெல்லரை வெளியே எடுத்து அதன் காந்தத்தைப் பாருங்கள். மேல்பூச்சில் வெடிப்போ துருவோ தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், அந்தத் துரு உங்கள் தண்ணீரில்தான் கரையும்.

எத்தனை லிட்டர் என்ற கேள்வி. பொழுதுபோக்கில் இருப்பவர்கள் பொதுவாகச் சொல்வது, மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டி அளவைப்போல் 10 முதல் 20 மடங்கு, அக்ரோபோரா மாதிரி எஸ்பிஎஸ் எனப்படும் சிறு பாலிப் கடினப் பவள வகைக்கு 30 முதல் 50 மடங்கு, அதற்கு மேலும் போவார்கள். என்னுடைய இரண்டும் முழு வேகத்தில் 11,000 லிட்டர், அதாவது 70 மடங்குக்கு மேல். அவ்வளவு எனக்கு வேண்டாம், பெரும்பாலும் பாதி வேகத்தில்தான் ஓடுகின்றன. ஒரே பெரிய பம்பை வாங்குவதைவிட இரண்டு நடுத்தரப் பம்பை வாங்கிப் பாதி வேகத்தில் விடுங்கள், ஒன்று நின்றுபோனாலும் தண்ணீர் நிற்காது.

இப்போது எங்கே வைப்பது. இதற்குத்தான் எனக்கு ஒரு மாதம் ஆனது. முதலில் இடது வலது கண்ணாடிகளில் நேருக்கு நேர், ஒரே உயரத்தில் வைத்தேன். இரண்டு ஓட்டமும் நடுவில் மோதிக் கீழே இறங்கி மணலைத் தோண்டின, மறுநாள் காலையில் நடுவில் அடிக்கண்ணாடி பளிச்சென்று தெரிந்தது, மணல் முழுவதும் காளான் பவளங்களின் மேல். அப்புறம் இரண்டையும் பின் கண்ணாடியில் முன்னோக்கி வைத்தேன், அதில் முன்பக்கம் அழகாக அசைந்தது, பாறைக்குப் பின்னால் பழைய குட்டை அப்படியே.

மூன்றாவது முறை பம்பைத் தொடாமல் பாறையைத் தொட்டேன். பாறை முழுவதும் பின் கண்ணாடியை ஒட்டிச் சுவர் மாதிரி அடுக்கியிருந்தேன், எந்தப் பம்ப் வந்தாலும் அதற்குப் பின்னால் எதுவும் ஓடாது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பாறையை இரண்டு தீவுகளாகப் பிரித்து, கண்ணாடிக்கும் பாறைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டேன். பிறகு இடது கண்ணாடியில் முன்மூலையை ஒட்டி ஒரு பம்ப், நீர்மட்டத்துக்கு ஆறு சென்டிமீட்டர் கீழே, முன் கண்ணாடியைத் தடவிக்கொண்டு வலப்பக்கம் போகும்படி. வலது கண்ணாடியில் பின்மூலையை ஒட்டி மற்றது, நடு உயரத்தில், பாறைக்குப் பின்னால் இடப்பக்கம் போகும்படி. ஒன்று முன்னால் கொண்டுபோவதை இன்னொன்று பின்னால் கொண்டுவருகிறது, தொட்டித் தண்ணீர் மொத்தமும் ஒரே உடலாகச் சுற்றுகிறது. எந்தப் பவளத்தையும் எந்தப் பம்பும் நேராகப் பார்க்கவில்லை. ஆறு மணி நேரம் முன் பம்ப் ஓங்கி ஓடும், அடுத்த ஆறு மணி நேரம் பின் பம்ப், இரண்டுமே சீரான வேகத்தில் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்படி கண்ட்ரோலரில் வைத்திருக்கிறேன்.

சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க உறைந்த மைசிஸ் இறாலைக் கொஞ்சம் கரைத்து விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு துகளும் எங்கே போகிறது, எங்கே சுற்றிச் சுற்றி நிற்கிறது, எங்கே விழுகிறது என்று பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் போதும், எந்தக் கணக்கும் அவ்வளவு சொல்லாது. டார்ச்சின் விரல்கள் லாலாங் புல் காற்றில் ஆடுவதுபோல் சாய்ந்து நிமிர வேண்டும். ஒரே பக்கம் படுத்துக்கிடந்தாலோ, சதை சுருங்கி எலும்பின் விளிம்பு தெரிந்தாலோ, அன்றே பம்பைத் திருப்புங்கள், நாளைக்கு என்று விடாதீர்கள். நான் விட்டேன்.

நீர்மட்டமும் அசைய வேண்டும், குறிப்பாக நம் ஊரில். உப்புத் தண்ணீர் 26 டிகிரியில் லிட்டருக்கு 6.6 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரிக்கு ஏறினால் அது 6.2 பக்கம் இறங்கிவிடும். சில்லர் ஒரு மதியம் நின்றால் போதும், அந்த இடத்துக்கு வந்துவிடுவோம். இரவில் பவளமும் பாசியும் மீனும் எல்லாமே ஆக்சிஜனை எடுக்கத்தான் செய்யும், கொடுக்க யாரும் இல்லை. அதனால் இரவு நேர அமைப்பு என்று பம்பை ஒரேயடியாகக் குறைத்துவிடாதீர்கள், மேல் பம்ப் ஒன்றாவது நீர்ப்பரப்பை அசைத்துக்கொண்டே இருக்கட்டும். ஆனால் காற்றை உறிஞ்சிக் குமிழி கக்கும் அளவுக்கு மேலே ஏற்றினால் உப்புத் தெறித்து விளக்கிலும் பிளக்கிலும் படியும். ஒயர் எல்லாவற்றையும் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேற்றுங்கள், வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

பராமரிப்பு எளிது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, ஃபேர்பிரைஸில் கிடைக்கும் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால் ஊதா நிறச் சுண்ணாம்புப் படிவம் பழைய பல்துலக்கியிலேயே போய்விடும். தள்ளிப்போட்டால் அந்தப் படிவமே இம்பெல்லரை இறுக்கும், சத்தம் வரும், ஓட்டம் குறையும், பம்ப் போய்விட்டது என்று நினைப்போம். அனிமோனி வைத்திருப்பவர்கள் பம்பைச் சுற்றி நுரை உறை போடாமல் விடவே கூடாது, அனிமோனி ஒரு இரவில் நகர்ந்து பம்புக்குள் போனால் தொட்டி முழுவதும் பாழாகும்.

எல்லோருக்கும் 6055 வேண்டும் என்று சொல்லவில்லை. நாலடிக்கு மேல் நீளமான தொட்டி என்றால் மேக்ஸ்பெக்ட் ஜைர் வகையைப் பார்ப்பேன்; வீட்டு ஏர்கானின் உள் யூனிட்டுக்குள் நீளமாக உருளும் விசிறி இருக்கிறதே, அதே வேலைதான், தண்ணீரை அகலமான தகடாகத் தள்ளும். ஈக்கோடெக்கின் வோர்டெக்கில் மோட்டார் கண்ணாடிக்கு வெளியே இருப்பதால் அதன் சூடு தண்ணீரில் இறங்காது, தொட்டிக்குள் ஒயரும் இல்லை; கண்ணாடித் தடிமன் பொருந்துமா என்று மட்டும் முதலில் அளந்துகொள்ளுங்கள். காசு குறைவென்றால் ஜெபாவோவில் வாய் அகலமான மாடலாக இரண்டு வாங்கி, பாறைக்குப் பின்னால் ஒரு சாண் விடுங்கள். குறுகிய வாய் பம்ப் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் டார்ச் வைத்திருப்பவர் வீட்டுக்கு வேண்டாம்.

என் தொட்டியில் இன்னும் ஒரு மூலை பாக்கி இருக்கிறது, தண்ணீர் சம்புக்கு வழியும் பெட்டியின் பின்னால் வலது பின்மூலை. இரண்டு பம்பும் அங்கே எட்டவில்லை, கசடு மெல்லச் சேரும். மூன்றாவது பம்ப் போட்டால் சுற்று உடைந்துவிடும் என்று போட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றுவதற்கு முன் நீளமான பைப்பெட்டால் அந்த மூலையை ஊதிக் கிளப்பிவிடுகிறேன், பின் பம்ப் அதை அள்ளி முன்னால் கொண்டுவருகிறது, டார்ச் கையை நீட்டி அதில் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது.