வயோமிங் காடுகளில் எல்க் வேட்டை: மாநிலத்தவரும் வெளிமாநிலத்தவரும்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் கிட்டத்தட்ட பாதி நிலம் கூட்டாட்சி அரசுடையது. அதாவது எல்லா அமெரிக்கர்களுக்கும் பொது. ஆனால் அங்கே மேயும் எல்க் மான்கள் மாநிலத்தின் பொறுப்பு. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

ஓராண்டு முழுதும் அங்கே குடியிருந்தவருக்குப் பொது எல்க் உரிமம் கடையிலேயே கிடைக்கும். வெளிமாநிலத்தவர் குலுக்கலுக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். கட்டணமும் பல மடங்கு. இத்தகைய பாகுபாடு செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1978-இல், அண்டை மாநிலமான மொன்டானாவின் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கின்போது மொன்டானாவில் எல்க் வேட்டைக்கு உள்ளூர்க்காரர் கட்டியது 9 டாலர். வெளியார் 225 டாலருக்கு, பல விலங்குகளுக்கும் சேர்த்த கூட்டு உரிமம் வாங்க வேண்டியிருந்தது.

கட்டண வேறுபாட்டை நான் ஏற்கிறேன். ஆண்டு முழுதும் அந்த விலங்குகளோடு வாழ்பவருக்கு முன்னுரிமை தருவது நியாயம்தான். ஏற்க முடியாதது வயோமிங்கின் வழிகாட்டி விதி. கூட்டாட்சி அரசு 'வனாந்தரம்' என்று அறிவித்த பகுதிகளில் எல்க் போன்ற பெரிய விலங்குகளை வேட்டையாட, வெளிமாநிலத்தவருக்கு வழிகாட்டி கட்டாயம். அதே மலையில் அதே ஆள் நடைபயணமோ மீன்பிடிப்போ தனியாகப் போகலாம்! பாதுகாப்புதான் காரணமென்றால் நடப்பவருக்கு மட்டும் ஆபத்தில்லையா? வழிகாட்டித் தொழிலுக்கு இது நல்ல வருமானம். சாதாரணச் சம்பளக்காரருக்கு அடைத்த கதவு.

ஒரு வழி உண்டு: வயோமிங்கில் குடியிருக்கும் நண்பர் இலவச அனுமதி பெற்று, கூலி வாங்காமல் உடன் வரலாம்.