அஃப்ரேயா, ஃபிராகாவா?

சட்டம் படிக்கிற அக்கா மகன் பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிட்டான். "மாமா, தேரடியில நடந்த சண்டைய இங்கிலீசுல எழுதணும். அஃப்ரேன்னு (affray) போடவா, ஃபிராகான்னு (fracas) போடவா?"

அஃப்ரே பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். உள்ளே 'அமைதி' என்னும் ஜெர்மானிய வேர், முன்னால் 'வெளியே' என்னும் லத்தீன் ஒட்டு. அமைதியிலிருந்து ஒருவரை வெளியே தள்ளுவது! பயந்துபோனதைச் சொல்லும் 'அஃப்ரெய்ட்' இதன் பிள்ளைதான். எனக்கு மிகவும் பிடித்த உறவு இது. நம் நாட்டுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 194-ஆம் பிரிவின்படி, இரண்டு பேராவது பொது இடத்தில் சண்டையிட்டுப் பொது அமைதியைக் குலைத்தால்தான் அது அஃப்ரே. வீட்டுக்குள் அடித்துக்கொண்டால் ஆகாது. ஒரு மாதம் வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஃபிராகா, 'நொறுக்கு' என்ற இத்தாலிய வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. கூச்சலான சண்டையைச் சொல்லும் இதில் சத்தம்தான் முதல். நம்மூர் 'சலம்பல்' அப்படியே பொருந்தும்: "ஏல, என்னல சலம்புத?" சலம்புதல் என்றாலே ஒலித்தல்தானே.

மனு என்றால் அஃப்ரே, கதை என்றால் ஃபிராகா என்றேன். ஆனால் யாரும் கை நீட்டாமல் வெறுமனே கத்தியிருந்தால் அஃப்ரே என்று எழுதிவிடாதே, மக்கா.