எல்100 கேட்டால் எல்095 தருகிறார்கள், கவனம்

சுன்னாகத்தில் சித்தப்பாவின் நல்லெண்ணெய் மில். மோட்டரையும் கியர் பெட்டியையும் பிடித்திருந்தது லவ்ஜோய் வகைக் கப்ளிங்: இரண்டு பக்கமும் மூன்று மூன்று கொம்பு, நடுவில் ஆறு கால் றப்பர். பழசு தேய்ந்துபோக, யாழ் நகரத்துக் கடையொன்றில் அதே அளவு, எல்100 கேட்டேன்.

தந்தது கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது. "தம்பி, இப்ப வாறது எல்லாம் இப்பிடித்தான், சின்னன் ஆனா பலம். ஓட்டை 28 சரிதானே?" என்றார் கடைக்காரர். ஓட்டை சரிதான். 28 மில்லிமீற்றர் மோட்டர்த் தண்டில் கச்சிதமாக ஏறியது. அதில்தான் ஏமாந்தேன்.

எல்லாம் உடைந்த பிறகு வேர்னியர் வைத்துப் பார்த்தால், வெளிவிட்டம் 54. எல்100 என்றால் 64 வரவேண்டும். இது எல்095. ஓட்டை 28 என்பது அதற்குக் கடைசி அளவு. எல்100ஐ 35 வரை கடையலாம். எங்கள் மோட்டர் 4 கிலோவாட், நிமிடத்துக்கு 1440 சுற்று. 9550ஐ 4ஆல் பெருக்கி 1440ஆல் பிரித்துப் பாருங்கள், மோட்டரின் முறுக்கு விசை 26.5 நியூட்டன் மீற்றர். சாதாரண றப்பரோடு 095 தாங்குவது 22தான், 100 தாங்குவது 47. எள்ளோடு ஸ்டார்ட் பண்ணும்போது விழும் அடி வேறு.

நேர் பார்த்துப் பூட்ட வேணுமோ என்றும் கேட்டிருந்தேன். "பிளெக்சிபிள்தானே, வளைஞ்சு குடுக்கும்." குடுக்கும்தான், பக்க விலகல் 0.4 மில்லிமீற்றருக்குள், கோணம் ஒரு பாகைக்குள் இருந்தால். நாங்கள் கண்மட்டில் பூட்டினோம். அது எங்கள் பிழை.

பத்தாம் நாள் கப்ளிங்கடியில் கறுப்புத் தூள். தேய்ந்த றப்பர் அது; சித்தப்பா கிறீஸ் அழுக்கு என்று துடைத்துவிட்டார். இந்த வகையில் றப்பர் போனாலும் கொம்போடு கொம்பு முட்டிக்கொண்டு ஓட்டம் நிற்காது; மனுசன் அந்தச் சத்தத்தோடேயே நாலு நாள் எள் ஆட்டியிருக்கிறார். கழற்றினால் கொம்பு நுனி எல்லாம் நசிந்து கிடக்கிறது, கியர் பெட்டியின் முன் பேரிங்கும் போய்விட்டது.

கொண்டுபோய்க் காட்டினேன். "ஓடின சாமான் எடுக்கமாட்டம்." பில்லை நீட்டினேன். அதில் "கப்ளிங் 1" என்று மட்டும் இருக்கிறது, இலக்கம் இல்லை.

அப்புறம் வேறு கடையில் 100 எடுத்து, பில்லில் இலக்கத்தை எழுதுவித்து, பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து நேர் பார்த்துப் பூட்டியாயிற்று. வேர்னியரைச் சட்டைப்பையில் இருந்து எடுக்க அந்தக் கடைப் பெடியன் சிரித்தான். சித்தப்பா இன்னும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பேரிங் காசு அவருடையது.