சேலம் ஜவ்வரிசி: எதை வாங்கலாம், எதை விடலாம்

சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி பளீரென்று வெளுத்திருக்கும் ஜவ்வரிசியைத் தொடாதீர்கள். லேசாக மங்கிய வெள்ளைதான் ஜவ்வரிசி செய்யும் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, மாவின் சொந்த நிறம். செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கத்து மளிகைக் கடைகளில் இரண்டு நிறமும் அடுத்தடுத்த மூட்டைகளில் இருக்கும். வெளுத்த மூட்டைதான் முதலில் கண்ணில் படும். அந்த வெளுப்பு பெரும்பாலும் பிளீச்சிங் ரசாயனத்தால் வந்தது.

சேலத்தில் ஜவ்வரிசி எப்போதாவது வைக்கும் பாயசம், வெயில் காலத்து வத்தல் அளவோடு நின்றுவிடும். இங்கே ஆகும் சரக்கில் பெரும்பகுதி மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் போகிறது. அங்கே ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் விரதச் சாப்பாடே சாபுதானா கிச்சடிதான். வெள்ளையாக இருந்தால்தான் சுத்தம் என்று அந்தச் சந்தை நம்புகிறது, வெளுத்த சரக்குக்குக் கூடுதல் விலையும் தருகிறது. ஒழுங்காகச் செய்தால் ரசாயனமே வேண்டாம். கிழங்கின் தோலை முழுசாக உரித்து, வெட்டிய அன்றைக்கே அரைத்து, மாவுப்பாலை நல்ல தண்ணீரில் தெளிய வைத்தால் போதிய வெண்மை தானாக வரும். தோலோடு அரைப்பதும், கிழங்கை இரண்டு மூன்று நாள் குவித்துப் போடுவதும்தான் மாவைக் கறுக்க வைக்கின்றன. அந்தக் கறுப்பை மறைக்கத்தான் ரசாயனம் வருகிறது.

வாங்கும்போது சாதாவா நைலானா என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் ஒரே மாவுதான், பக்குவம் வேறு. தொட்டியில் படிந்த ஈரமாவை உடைத்து, குலுக்கியில் போட்டு மணியாக உருட்டி, சல்லடையில் அளவு பிரிப்பது வரை இரண்டுக்கும் ஒரே வழி. அதன்பின், எண்ணெய் தடவிய சூடான தட்டில் வறுத்து, களத்தில் வெயிலில் காய வைத்தால் சாதா. மேல்தோல் மட்டும் வெந்து, உள்ளே மாவு பச்சையாக இருக்கும். ஆவியில் முழுக்க வேகவைத்துக் காய வைத்தால் நைலான். கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், எவ்வளவு கொதித்தாலும் உருவம் கலையாது.

பாயசத்துக்கு நைலானை அடிக்க ஆளில்லை. 100 கிராமுக்கு 3 டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, அதன்பிறகே ஜவ்வரிசியைப் போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் போட்டால் அடிபிடித்துக் கட்டியாகும். மணியின் நடுவில் ஊசிமுனை வெள்ளை தெரியும்போது அடுப்பை அணைத்து 5 நிமிடம் மூடி வைத்தால் மிச்சமும் வெந்துவிடும். வெல்லத்தையோ சர்க்கரையையோ முன்னாடியே சேர்த்தால் தண்ணீரை அது பிடித்துக்கொள்ளும், மணி வேகாது. வெல்லம் சேர்த்தபின் கொதிக்கும் பாலை ஊற்றினால் திரியும். பாயசமும் பாலும் ஆறியபின் சேர்ப்பதே வழி.

கிச்சடிக்குச் சாதா மட்டுமே. மூன்று தண்ணீர் கழுவி, மேலே ஒட்டிய மாவு போகவேண்டும். பிறகு ஒரு கப்புக்கு முக்கால் கப் தண்ணீர், 4 மணி நேரம் ஊறல். இரண்டு விரலால் நசுக்கினால் நடுவில் கல் இல்லாமல் மசிய வேண்டும். கிச்சடி பசையாகிவிட்டது என்பவர்கள் அநேகமாக ஊறத் தண்ணீரை அதிகம் வைத்தவர்கள். வத்தலுக்கும் சாதாவே நல்லது. இரவே ஊறவைத்து, கப்புக்கு 5 அல்லது 6 கப் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சுங்கள். உப்பை நாக்குக்குக் குறைவாகவே போடுங்கள், காய்ந்து சுருங்கும்போது உப்பு ஏறிவிடும்.

இனி விலை. ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும், கடைக்காரரிடம் கேட்டால் வரத்து என்பார். ஆலை கிழங்கை எடையோடு மாவுச்சத்தையும் பார்த்தே வாங்குகிறது. அதற்குப் பெயர் பாயிண்ட். பாயிண்ட் குறைந்தால் விவசாயிக்கு விலை குறையும். ஒரு கிலோ ஜவ்வரிசிக்குச் சுமார் 5 கிலோ கிழங்கு தேவை. மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கைக்குத் திப்பி என்று பெயர், அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அரைத்த மாவு எல்லாமே ஜவ்வரிசி ஆகிவிடுவதும் இல்லை. ஒரு பங்கு ஸ்டார்ச்சாக நூலுக்குக் கஞ்சி போடவும் காகித ஆலைக்கும் போகிறது. அங்கே மக்காச்சோள மாவு மலிந்தால் குச்சிக்கிழங்கு மாவுக்கு மதிப்பு இறங்கும். உலகிலேயே அதிகமாக மரவள்ளி மாவை ஏற்றுமதி செய்வது தாய்லாந்து, அதன் பெரிய வாடிக்கையாளர் சீனா. அந்த இரண்டு நாட்டு வியாபாரத்தை ஒட்டித்தான் வெளிநாட்டில் சேலத்து மாவு எடுபடுமா என்பது தெரியும். மக்காச்சோளம் மலியும்போது அதை ஜவ்வரிசியிலேயே கலப்பவர்களும் உண்டு. கஞ்சி காய்ச்சி ஆறவைத்துப் பாருங்கள். குச்சிக்கிழங்குக் கஞ்சி தெளிவாக, இழுத்தால் நீளும். மக்காச்சோளக் கஞ்சி வெள்ளையாகக் கலங்கி அல்வா போல உறையும். உறுதியாகச் சொல்ல மைக்ராஸ்கோப் வேண்டும். மண், சுண்ணாம்புத்தூள் கலப்பைப் பிடிப்பது சுலபம்: நாலு மணியை எரியுங்கள். நல்ல ஜவ்வரிசி உப்பி எரிந்து சாம்பல் அநேகமாக மிஞ்சாது.

சேலத்தில் இந்தப் பண்டமே ஒரு இறக்குமதித் தட்டுப்பாட்டில் பிறந்தது. அசல் சேகோ, அதாவது ஜவ்வரிசி, மலேயா, ஜாவா பக்கத்துப் பனை வகை ஒன்றின் தண்டிலிருந்து எடுப்பது. ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆனது என்பார்கள். 1942இல் ஜப்பான் அந்தப் பகுதிகளைப் பிடித்ததும் வரத்து நின்றது. 1943இல் சேலத்து மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் தொழில் தெரிந்திருந்த போபட்லால் ஷாவும் பனைக்குப் பதில் மரவள்ளி மாவில் அதைச் செய்து பார்த்தார்கள். மரவள்ளியும் வெளியிலிருந்து வந்த தென் அமெரிக்கச் செடிதான், போர்ச்சுகீசியர் கேரளக் கரையில் இறக்கியது. 1981இல் உற்பத்தியாளர்களின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

செடி வந்த ஊரிலிருந்து அதன் பூச்சியும் பின்னாலேயே வந்துவிட்டது. 2020இல் கேரளத்தில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, கொஞ்ச நாளிலேயே சேலம், நாமக்கல் வயல்களில் நுனிக்குருத்தைச் சுருட்டிக் கிழங்கைச் சிறுக்கவைத்தது. மருந்தடித்து அடங்கவில்லை, மெழுகுப் பூச்சு மருந்தை உள்ளே விடாது. கடைசியில் உதவியது ஒரு குளவி. பராகுவேயில் கண்டெடுத்து, 1980களில் ஆப்பிரிக்காவைக் காப்பாற்றிய அனாகைரஸ் லோபேசி. பெனின் நாட்டிலிருந்து அதைத் தருவித்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். பூச்சியின் உடம்புக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் அந்தக் குளவிக்கு எறும்பைவிடச் சிறிய உருவம். வயலில் குளவியை விட்டபின் பூச்சிமருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான், இதை விவசாயிகள் மறக்கக் கூடாது.

வாங்க ஏற்ற காலம், கிழங்கு அறுவடையும் வெயிலும் சேரும் தை, மாசி, பங்குனி. மழைக்காலத்துச் சரக்கு சரியாகக் காயாமல் புளித்த வாடை அடிக்கும். ஒரு பிடி அள்ளி மோந்து பாருங்கள், மணி கையில் மாவாக ஒட்டக் கூடாது. வீட்டில் ஒருமுறை வெயில் காட்டி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் ஓராண்டு தாங்கும்.